தோற்றவருக்கும் உரிய ராஜ்யம்

தேர்தலில் தோற்றவர்களுக்கு ஒரு நாட்டில் என்ன கதி நேர்கிறது என்பதைக் கொண்டே அந்நாட்டின் ஜனநாயகத்தை அளந்துவிடலாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வென்றவர்களுக்கு எந்த ராஜ்யத்திலும் குறைவில்லை. மன்னராட்சியிலும் ராணுவ ஆட்சியிலும், ஒரே கட்சி சகலமுமாக விளங்கும் ஆட்சியிலும், அதிகாரத்தில் அமர்ந்திருப்பவர்கள் சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். அதிகாரத்தை இழந்த ஒருவர், சிறை புகாமலும் நாட்டைவிட்டு ஓடாமலும், தம் கருத்தைப் பகிரங்கமாகப் பேசிக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து ஜனங்களிடம் திரும்பிச் சென்று, மறுபடியும் ஒரு சந்தர்ப்பம் கேட்கவும், ஜனங்கள் மனம் வைத்தால் அதைப் பெறவும் எங்கே இயலுகிறதோ, அங்கேதான் ஜனநாயகம் உயிரோடு இருக்கிறது. இன்றைய சிறுபான்மை நாளைய பெரும்பான்மை ஆகலாம் என்ற அந்த ஒரு நிச்சயத்தின்மீதுதான் பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், நீதியின் சுயேச்சை ஆகிய மற்றவை எல்லாம் நிற்கின்றன.

அந்த நிச்சயத்தைத்தான் இப்போது உலகின் பல பாகங்களில் தலையெடுத்திருக்கும் ஜனரஞ்சக அரசியல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஜனங்களுக்குப் பிடித்ததைச் சொல்வதும், அவர்களுடைய பாஷையில் பேசுவதும், அவர்கள் கேட்டதைக் கொடுப்பதும் குற்றமல்ல. அவையின்றி எந்தப் பொதுவாழ்வும் இல்லை. ஆனால், 'ஜனங்கள் என்போர் ஒரே மனமும் ஒரே குரலும் உடையவர்கள். அந்தக் குரல் நான். என்னை எதிர்ப்பவர் ஜனங்களையே எதிர்ப்பவர்' என்று ஒரு தலைவர் சாதிக்கத் தொடங்கி, கேட்பவர்களும் அதை ஒப்புக்கொள்ளத் தொடங்கினால், அந்த வேளையிலேயே விஷயம் வேறாகிவிடுகிறது. அந்தக் கூற்றின்படி எதிர்க்கட்சி என்பது மாற்று அபிப்பிராயமாக இராமல் துரோகமாகிறது. நீதிமன்றத்தின் தடை ஜனங்களின் விருப்பத்துக்கு இடப்பட்ட விலங்காகிறது. பத்திரிகையின் கேள்வி அந்நியரின் சூழ்ச்சியாகிறது. தோற்றவர்கள் ஜனங்களில் சேர்ந்தவர்களே அல்லர் என்று ஆகிவிட்டபின், அவர்கள் திரும்பி வருவதற்கான வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டிய அவசியந்தான் என்ன?

இது எப்படி நடக்கிறது என்பதை அறிய, ஐரோப்பாவின் நடுவே உள்ள ஹங்கேரியின் அண்மைச் சரித்திரத்தைப் போன்ற பாடம் வேறில்லை. அங்கே ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை; பார்லிமெண்டின் கதவு ஒரு நாளும் அடைக்கப்படவில்லை; செய்யப்பட்டதெல்லாம் சட்டத்தின் வாயிலாகவே செய்யப்பட்டது.

1989ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, தலைநகரான புடாபெஸ்டின் வீரர் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. 1956ஆம் ஆண்டுப் புரட்சியின்போது பிரதம மந்திரியாக இருந்து, அந்தக் குற்றத்துக்காகவே 1958ஆம் ஆண்டு அதே ஜூன் 16ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட இம்ரே நாஜுக்கும் அவருடைய சகாக்கள் நால்வருக்கும் உரியவை ஐந்து. ஆறாவது, பெயர் தெரியாமல் மாண்ட போராளிகள் அனைவருக்காகவும் வைக்கப்பட்ட வெறும் பெட்டி. முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் முறைப்படி நல்லடக்கம் செய்வதற்காகத் திரண்டிருந்த அந்த மாபெரும் கூட்டத்தில், இருபத்தாறே வயதான சட்டப் பட்டதாரி ஒருவர் எழுந்து, சோவியத் துருப்புகள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றும், சுதந்திரமான தேர்தல் நடக்க வேண்டும் என்றும் அச்சமின்றி முழங்கினார். அந்த வாலிபரின் பெயர் விக்டர் ஓர்பான். அதற்கு முந்தைய ஆண்டு அவரும் அவருடைய தோழர்களும் தொடங்கியிருந்த ஃபிடெஸ் என்னும் சங்கம், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளாத, சுதந்திரத்தையே மூச்சாகக் கொண்ட வாலிபர் சங்கம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜனநாயகத்துக்கு வரும் ஆபத்து எப்போதும் அதன் ஜன்ம விரோதிகளிடமிருந்தே வரும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அதற்காகச் சிறு வயதில் தைரியமாகப் போராடியவர்களும் பின்னாளில் அதன் வேரை வெட்டக்கூடும் என்பதை அந்தச் சதுக்கம் நமக்குச் சொல்கிறது.

ஓர்பான் 1998ஆம் ஆண்டு பிரதம மந்திரியானார். 2002ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார். தாயகம் எதிர்க்கட்சியாக இருக்க முடியாது என்ற கருத்தை அவர் அந்தத் தோல்விக்குப் பின்னரே வெளியிட்டார். தம் கட்சி தோற்றதை ஒரு கட்சியின் தோல்வியாக அவர் கொள்ளவில்லை என்பதும், தாமும் தாயகமும் ஒன்று என்று கருதத் தொடங்கிவிட்டார் என்பதும் அந்த ஒரு வாக்கியத்திலேயே வெளிப்பட்டுவிட்டன. பின்னர் நடந்தவை அனைத்தும் அதன் விரிவுரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் ஜனங்கள் அவரிடம் காரணமின்றிப் போகவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2006ஆம் ஆண்டு, அப்போது ஆட்சியில் இருந்த சோஷலிஸ்டுப் பிரதம மந்திரி ஃபெரென்ஸ் ஜூர்ச்சானி, தேர்தலில் வெல்வதற்காகத் தாங்கள் காலை, மாலை, இரவு என்று பாராமல் பொய் சொன்னதாகத் தம் கட்சிக்காரர்களின் அந்தரங்கக் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட பேச்சு ஒலிப்பதிவாக வெளிவந்து நாட்டையே கொந்தளிக்கச் செய்தது. ஆனாலும் அவர் உடனே பதவி விலகவில்லை. அடுத்து 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. வட்டி குறைவு என்று வங்கிகள் சொன்னதை நம்பி, சுவிட்சர்லாந்து நாணயமான ஃபிராங்கின் கணக்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள், தம் நாட்டு நாணயம் சரிந்தபோது, சம்பளம் அப்படியே இருக்க மாதத் தவணை மட்டும் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு திகைத்து நின்றன. அரசாங்கமோ சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் கையேந்தியது. பொய் சொன்னவர்களிடமும் கணக்குத் தெரியாதவர்களிடமும் இருந்து தங்களை மீட்க ஒருவர் வரமாட்டாரா என்று ஜனங்கள் ஏங்கியதில் வியப்பு என்ன? நாணயமற்ற ஜனநாயகவாதிகள் உழுது வைத்த நிலத்தில்தான் ஜனரஞ்சகத் தலைவர்கள் விதைக்கிறார்கள்.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் தேர்தலில் ஓர்பானின் அணிக்குக் கட்சிப் பட்டியலில் 52.7 சதவீத வாக்குகள் கிடைத்தன. தேர்தல் முறையின் விசேஷத்தால் 386 இடங்களில் 263 இடங்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமாக, அதன் வசமாயின. அந்நாட்டின் சாசனத்தை மாற்றுவதற்கு அந்த மூன்றில் இரண்டு பங்கே போதும். வேறு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் வாக்களிக்காத ஒரு கட்சி, முழு நாட்டின் அடிப்படைச் சட்டத்தையும் தனித்து நின்று எழுதும் அதிகாரத்தைப் பெற்றது. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி, சோஷலிஸ்டுகளும் பசுமைக் கட்சியினரும் வாக்கெடுப்பைப் பகிஷ்கரித்த நிலையில், 262 வாக்குகளால் புதிய சாசனம் நிறைவேறியது. அதன்மேல் ஜனவாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை.

நீதிபதிகளின் ஓய்வு வயது எழுபதிலிருந்து அறுபத்திரண்டாகத் திடீரெனக் குறைக்கப்பட்டதால், அனுபவம் முதிர்ந்த நீதிபதிகள் ஏறத்தாழ 270 பேர் ஒரே வீச்சில் வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பலர் நீதிமன்றங்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள். இது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்த காலத்தில், காலியான தலைமைப் பதவிகள் பெரும்பாலும் நிரப்பப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றத் தலைவர் ஆண்ட்ராஸ் பாக்கா இந்த மாற்றங்களைப் பகிரங்கமாக விமர்சித்தவர். அவரை நீக்கியதாக யாரும் சொல்லவில்லை. அந்த நீதிமன்றத்துக்கே வேறு பெயர் சூட்டி, அதன் தலைவராக வருபவர் ஹங்கேரியில் ஐந்தாண்டுகள் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி செய்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் பதினேழு ஆண்டுகள் நீதிபதியாக வீற்றிருந்த பாக்காவின் அனுபவம் அந்தக் கணக்கில் சேரவில்லை. அவருடைய உரிமை மீறப்பட்டது என்று அந்த ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பேராயம் 2016ஆம் ஆண்டு முடிவாகத் தீர்ப்புரைத்தது; ஆனால் பதவி போனது போனதுதான்.

இந்த மாற்றங்களால் சாதாரணப் பிரஜைக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு விவகாரத்தை எடுத்துக்காட்டுகிறேன். வீடற்றவர்கள் தெருவில் படுத்து உறங்குவதைத் தண்டனைக்குரியதாக்கிய சட்டத்தை ஹங்கேரியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2012ஆம் ஆண்டு நவம்பரில் ரத்துச் செய்தது. வீடில்லாமை சமூகத்தின் குறையேயன்றிக் குற்றமாகாது என்ற நியாயத்தை அது ஏற்றது. நான்கே மாதங்களில், 2013ஆம் ஆண்டு மார்ச்சில், மூன்றில் இரண்டு பங்கு பலத்தைக் கொண்டு, அத்தகைய தடைக்கு இடமளிக்கும் ஷரத்தைச் சாசனத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். புதிய சாசனத்துக்கு முன் அந்த நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் யாவும் செல்லாதவை என்றும் அதே திருத்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 2018ஆம் ஆண்டில் பொது இடத்தில் வசிப்பதே சாசனத்தால் தடை செய்யப்பட்டது. வாக்கு வங்கியோ பத்திரிகை பலமோ இல்லாத ஒரு மனிதன், குளிர்காலத்தில் பாலத்தின் அடியில் போர்வையைப் போர்த்திப் படுத்திருப்பவன், தனக்கு எதிராகத் திரண்டிருக்கும் பெரும்பான்மைக்கு முன்னால் கடைசியாக முறையிடக்கூடிய இடம் நீதிமன்றம் ஒன்றுதான். அந்த இடத்தை முதலில் அடைத்தார்கள்.

அடுத்தது தேர்தல் சட்டம். பார்லிமெண்டின் இடங்கள் 386இலிருந்து 199ஆகக் குறைக்கப்பட்டன. தொகுதிகளின் எல்லைகள் புதிதாக வரையப்பட்டன. தனித்தொகுதிகளில் இருந்த இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நீக்கப்பட்டது. முதல் சுற்றில் தனித்தனியே நின்று, இரண்டாம் சுற்றில் ஒன்றுகூடி, வலியவரை எதிர்க்கச் சிறு கட்சிகளுக்கு இருந்த வழி இதனால் மூடப்பட்டது. சடுகுடு ஆட்டத்தில் வென்ற அணியே அடுத்த ஆட்டத்துக்கான கோட்டைத் தன் இஷ்டப்படி கிழித்துக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படியே ஆயிற்று. 2014ஆம் ஆண்டில் ஓர்பானின் அணி பட்டியலில் பெற்ற வாக்கு 44.9 சதவீதமாகக் குறைந்தது. நான்காண்டுகளில் எட்டு சதவீதத்துக்குச் சற்றே குறைவான வாக்குகளை இழந்தும், 199இல் 133 இடங்கள், மூன்றில் இரண்டு பங்கு, மறுபடியும் அதற்கே கிடைத்தன. இவ்வளவுக்குப் பிறகும் மாற்றார் வென்றுவிட்டால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. தேர்தல் முறை, நீதித்துறை முதலிய முக்கிய விஷயங்களைப் பற்றிய சட்டங்களை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு தேவை என்று வகுத்தார்கள். வரவுசெலவுத் திட்டத்துக்குச் சம்மதம் மறுக்கும் அதிகாரத்தை மூவர் அடங்கிய ஒரு கவுன்சிலுக்குக் கொடுத்து, மார்ச் 31ஆம் தேதிக்குள் திட்டம் நிறைவேறாவிட்டால் ஜனாதிபதி பார்லிமெண்டைக் கலைக்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். சாதாரணப் பெரும்பான்மையால் ஆட்சிக்கு வரும் எந்த எதிர்க்கட்சியும், தனக்கு முன்னிருந்தவர்கள் நியமித்துவிட்டுப் போனவர்களின் தயவிலேயே காலந்தள்ள வேண்டும் என்பது இதன் பொருள்.

பத்திரிகைகளின் கதையும் இதைவிட மேலானதன்று. 1956ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த, நாட்டின் பிரதான எதிர்ப்புக் குரலாக விளங்கிய நேப்ஸபட்சாக் தினசரியின் ஊழியர்கள், அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறப்போகிறது என்பதால், 2016ஆம் ஆண்டு அக்டோபரின் முதல் வாரக் கடைசியில் தங்கள் புத்தகங்களையும் குறிப்பேடுகளையும் பெட்டிகளில் அடுக்கி வைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். அக்டோபர் 8ஆம் தேதி சனிக்கிழமை காலை அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது, பத்திரிகை நிறுத்தப்பட்டுவிட்டது, அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்ற கடிதம். நஷ்டம் என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த மாதம் முடிவதற்குள், அதை வெளியிட்டுவந்த நிறுவனம் ஆட்சிக்கு நெருக்கமானவர்களின் கைக்கு மாறியது. 2018ஆம் ஆண்டு நவம்பரில், ஆட்சிக்கு அணுக்கமான முதலாளிகள் 400க்கும் அதிகமான பத்திரிகைகளையும் வானொலிகளையும் இணையதளங்களையும் ஒரே அறக்கட்டளைக்கு விலையின்றித் தானமாகக் கொடுத்தார்கள். ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் குறுக்கே வராதபடி, இந்தச் சேர்க்கை தேசத்துக்கு இன்றியமையாதது என்று அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. இவற்றின் பலனை 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் பார்த்தோம். எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளரான பீட்டர் மார்கி-ஸாய்க்கு, எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் அரசுத் தொலைக்காட்சியில் தம் கட்சியின் செய்தியைச் சொல்லக் கிடைத்த நேரம் ஐந்து நிமிஷம். அவரைக் கைது செய்ய வேண்டிய அவசியமே நேரவில்லை. அவர் பேசுவது கிராமத்தாருக்குக் கேட்காதவாறு பார்த்துக்கொண்டாலே போதுமாயிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஜனங்களின் கோபத்தை அணையாமல் வைத்திருக்க எதிரிகள் தேவைப்பட்டார்கள். 2015ஆம் ஆண்டு யுத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள், பிரஸ்ஸல்ஸ் நகர அதிகாரிகள், தர்ம ஸ்தாபனங்களுக்குப் பொருளுதவி செய்த ஜார்ஜ் சோரோஸ் என்று ஒருவர்பின் ஒருவராகச் சுவரொட்டிகளில் எதிரிகள் எழுந்தார்கள். சோரோஸ் 1991ஆம் ஆண்டு நிறுவிய மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம், அதன்பொருட்டே என்று சொல்லும்படியாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் புடாபெஸ்டில் பட்டப்படிப்புகளை நடத்த இயலாமல் வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தது. அந்தச் சட்டமும் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதற்குள் பல்கலைக்கழகம் போய்விட்டிருந்தது. தீர்ப்பு தாமதமாக வருவதும், அது வருவதற்குள் காரியம் முடிந்துவிடுவதும் இந்தச் சரித்திரம் முழுவதிலும் காணக்கிடைக்கும் லட்சணம்.

'ஜனங்கள் அவரை 2014இலும் 2018இலும் 2022இலும் மறுபடியும் மறுபடியும் தேர்ந்தெடுத்தார்களே, ஜனங்களைவிட நீங்கள் மேலானவர்களோ?' என்ற கேள்வி எழும். கேட்க வேண்டிய கேள்விதான். அதை இகழ்ந்து ஒதுக்குவோர் ஜனநாயகத்துக்கு உதவி செய்வதில்லை. ஓர்பானின் ஆட்சி ஃபிராங்குக் கடன்களை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்றிக் கொடுத்தது. வீடுகளுக்கான எரிவாயு, மின்சாரக் கட்டணங்களைக் குறைத்தது. அதற்காக நன்றி பாராட்டி வாக்களித்தவர்களை நான் மூடர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தேர்தலில் ஜனங்கள் கொடுப்பது குறித்த காலத்துக்கு ஆளும் உரிமை. அடுத்த தேர்தலில் தங்கள் மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. நாளைய வாக்காளர்களுக்கு உரியதை இன்றைய வாக்காளர்களின் பேரால் எடுத்துக்கொள்ள எவருக்கும் பாத்தியதை இல்லை. ஒரு தரப்பின் குரல் மட்டுமே எட்டும்படி செய்துவிட்டு, அதன்பின் ஜனங்களின் தீர்ப்பைக் கேட்பதும், ஒரு தரப்புச் சாட்சியத்தை மட்டும் கேட்டுவிட்டு வழக்கை முடிப்பதும் ஒன்றே.

இது ஐரோப்பாவின் வியாதி என்று நாம் நிம்மதி கொள்வதற்கில்லை. கடல் கடந்து சில காத தூரத்தில் உள்ள இலங்கையில், 1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 சதவீத வாக்குகளைப் பெற்று, 168 இடங்களில் 140ஐக் கைப்பற்றியது. ஆறில் ஐந்து பங்கு. அந்தப் பலத்தைக் கொண்டு 1978ஆம் ஆண்டில் புதிய அரசியல் யாப்பு இயற்றிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, 1982ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு, பொதுத்தேர்தலையே நடத்தாமல், இருந்த பார்லிமெண்டின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீட்டிக்கலாமா என்று ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார். தம் கட்சி அங்கத்தினர்களிடமிருந்து தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி, விளக்குச் சின்னத்துக்கு வாக்களித்தால் சம்மதம், குடத்துக்கு வாக்களித்தால் மறுப்பு என்று நடந்த அந்த வாக்கெடுப்பில் விளக்கு வென்றது. அதன் விளைவாக 1977க்குப் பின் 1989 வரை அந்நாட்டில் பொதுத்தேர்தலே இல்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான் 1983ஆம் ஆண்டு ஜூலைக் கொடுமை நேர்ந்தது. அதற்கடுத்த மாதம் நிறைவேறிய ஆறாவது திருத்தம் கோரிய சத்தியப் பிரமாணத்தை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர், பிரதான எதிர்க்கட்சியாக இருந்தும், அவையில் தம் இடங்களை இழந்தனர். சிறுபான்மை பெரும்பான்மையாவதற்கான வழி ஒருபுறமிருக்க, சிறுபான்மை பேசுவதற்கான மேடையும் இல்லாமற்போன நாட்டில் அதன்பின் எது பேசத் தொடங்கிற்று என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மீட்சியே இல்லை என்று முடித்துவிடுவது உண்மைக்கு விரோதமாகும். போலந்தில் 2015ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த சட்டம்-நீதிக் கட்சி, ஹங்கேரியின் வழியையே பின்பற்றி, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை எழுபதிலிருந்து அறுபத்தைந்தாகக் குறைத்தது. அந்தச் சட்டத்தின்படி பதவி இழந்தவராகக் கருதப்பட்ட நீதிமன்றத் தலைவர் மால்கொஸாட்டா கெர்ஸ்டார்ஃப் அம்மையார், சாசனம் தமக்களித்த பதவிக்காலம் இன்னும் முடியவில்லை என்று கூறி, 2018ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி காலை, ஆதரவாளர்கள் சூழ்ந்து நிற்க, வழக்கம்போல் வேலைக்கு வந்தார். அந்த இலையுதிர் காலத்தில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது, அரசாங்கம் பின்வாங்கியது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் 74 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். 1989க்குப் பின் அந்நாட்டில் அவ்வளவு பேர் வாக்களித்ததில்லை. விராட்ஸ்வாஃப் நகரின் யகோட்னோ பகுதியில், இரவு ஒன்பது மணிக்கு முடிய வேண்டிய வாக்குப்பதிவு, வரிசை நீண்டுகொண்டே போனதால், குளிரில் நின்றவர்களுக்கு அக்கம்பக்கத்தார் உணவு கொண்டுவந்து கொடுக்க, விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்புவரை நடந்தது. தனிக்கட்சியாக அதிக வாக்குப் பெற்றும் ஆளுங்கட்சி 460இல் 194 இடங்களோடு நின்றது; 248 இடங்களைப் பெற்ற எதிரணிகள் கூடி ஆட்சி அமைத்தன. ஆனாலும் எட்டாண்டுகளில் குலைக்கப்பட்ட நீதித்துறையைச் சீர்செய்யும் வேலை, பழைய கட்சியின் ஆதரவு பெற்ற ஜனாதிபதியின் எதிர்ப்பால் தடைப்பட்டுத் தடைப்பட்டே நடக்கிறது. போலந்தில் அந்த ஆளுங்கட்சிக்குச் சாசனத்தை மாற்றும் அளவுக்குப் பலம் ஒருபோதும் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அதனால்தான் திரும்பும் வழி முழுவதும் அடைபடவில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை சில தெளிவாகவே தெரிகின்றன. ஒரு தேர்தலில் கிடைத்த பலத்தைக் கொண்டு சாசனத்தை மாற்ற எந்த அவைக்கும் இடம் கொடுக்கலாகாது. ஸ்வீடனில் சாசனத் திருத்தம் இரண்டு முறை நிறைவேற வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு பொதுத்தேர்தல் நடந்திருக்க வேண்டும். வெற்றியின் மயக்கம் தெளிவதற்கும், தோற்றவர்கள் தங்கள் கட்சியை ஜனங்களிடம் எடுத்துரைப்பதற்கும் இந்த ஏற்பாடு அவகாசம் கொடுக்கிறது. ஜெர்மனி, ஹங்கேரியிலும் போலந்திலும் நடந்ததைப் பார்த்து விழித்துக்கொண்டு, தன் அரசியல் சாசன நீதிமன்றத்தின் பதினாறு நீதிபதிகள், பன்னிரண்டு ஆண்டுப் பதவிக்காலம், மறுநியமனம் இல்லை என்ற விதிகளைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்ற முடியாதபடி 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சாசனத்திலேயே பதித்துவிட்டது. நமது உச்ச நீதிமன்றமோ, கேசவானந்த பாரதி வழக்கில், பதின்மூன்று நீதிபதிகள் கூடியிருந்து ஏழு பேரின் பெரும்பான்மையால், 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதியே, எவ்வளவு பலம் பொருந்திய பார்லிமெண்டும் சாசனத்தின் அடிப்படை அமைப்பை அழிக்க முடியாது என்று வரம்பு கட்டிவிட்டது. ஒரே ஒரு நீதிபதியின் கருத்து மாறியிருந்தால் அந்த வரம்பு இருந்திராது என்பதை நினைக்கும்போது, அதை எவ்வளவு கருத்தோடு காக்க வேண்டும் என்பது விளங்கும். அரசுத் தொலைக்காட்சியையும் அரசு விளம்பரப் பணத்தையும் ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாதபடி வைப்பதும், தேர்தல் கமிஷனை நியமிக்கும் குழுவில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாதபடி செய்வதும் இவற்றோடு சேர்ந்தவை.

எனினும் விதிகள் தாமே தம்மைக் காத்துக்கொள்வதில்லை. 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், சமயத்தில் பக்தி ஆன்மாவை ஈடேற்றலாம், அரசியலில் பக்தியோ வீழ்ச்சிக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் என்ற கருத்தை எச்சரிக்கையாக விடுத்தார். தலைவர்களைத் தெய்வமாக்கும் வழக்கம் நம் தேசத்தில் மற்ற தேசங்களைவிட அதிகம் என்பதை அறிந்தே அவர் அதைச் சொன்னார். அந்த எச்சரிக்கை எதிர்க்கட்சிக்காரர்களுக்கு உரியதன்று; எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளும் தலைவரைப் பக்தி செய்வதில்லை. அது அவருக்கு வாக்களித்தவர்களுக்கே உரியது.

ஹங்கேரியில் 2011ஆம் ஆண்டு தோற்றவர்கள் கூச்சலிடத்தான் செய்தார்கள். அவை நடவடிக்கையைப் பகிஷ்கரித்தார்கள். தெருவில் ஊர்வலம் போனார்கள். தோற்றவர்களின் புலம்பல் என்று அது தள்ளப்பட்டது. அன்று அந்தக் காரியத்தைத் தடுக்கும் சக்தி படைத்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஓர்பானுக்கு வாக்களித்த அந்த 52.7 சதவீதத்தினரே. அவர்களில் ஒரு பகுதியினர், 'உமது வரிக் கொள்கையை ஆதரிக்கிறோம், உமது தேசபக்தியை மதிக்கிறோம், ஆனால் நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்புவதையும் தேர்தல் கோட்டை மாற்றுவதையும் ஒப்பமாட்டோம்' என்று தங்கள் தலைவரிடம் உரக்கச் சொல்லியிருந்தால், அவரால் மேலே போயிருக்க முடியாது. ஏனெனில் ஜனரஞ்சகத் தலைவர் எதிரியின் கோபத்துக்கு அஞ்சமாட்டார், ஆதரவாளரின் அதிருப்திக்கு அஞ்சியே தீருவார். தோற்றவர்களின் உரிமையைக் காக்கும் கடமை வென்றவர்களின் வாக்காளர்களைச் சேர்ந்தது. நமக்குப் பிடித்த கட்சி வெற்றி பெற்று, நாம் மகிழ்ந்திருக்கும் அந்த நாளில், அது நீதிமன்றத்தின்மீதும் பத்திரிகையின்மீதும் தேர்தல் முறையின்மீதும் கை வைக்குமானால், அதற்கு வாக்களித்த காரணத்தாலேயே அதைத் தடுக்கும் முதல் பொறுப்பு நம்முடையதாகிறது. இந்தப் பொறுப்பை ஏற்கும் பிரஜைகள் போதுமான அளவில் உள்ள நாட்டில் எந்தத் தலைவருக்கும் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்கலாம், அவர்கள் இல்லாத நாட்டில் ஒரு சாதாரணப் பெரும்பான்மையும் அபாயமே.